மருந்து ஞானி

ஞானப்பிரகாசம் என்பது அப்பு வைத்த பெயர்.
ஊர் அதைச் சுருக்கி
மருந்து ஞானி ஆக்கிற்று.
உட்துறைமுக வீதி மலர்ச்சாலையில்
முன்கதவால் வருவோர்க்குப் பன்னீர்,
பின்கதவால் வருவோர்க்கு நான்.

நேற்றிரவு அன்புவழிபுரத்திலிருந்து ஒரு கிழவர்.
மகன் வின்னிபெக்கில் விமானம் ஏற வேண்டும்.
மூன்று நாளாகும் என்றார்கள்.
மூன்று நாள் எனக்கு ஒன்றுமில்லை.
கழுத்தோரம் விரல் நீள வெட்டு,
குழாய், போத்தல்.
இதயம் விட்ட இடத்தில் பம்ப் தொடங்கும்.
நகக்கண்ணில் இளஞ்சிவப்பு ஏறினால்
மருந்து கடைசி ஒழுங்கை வரை போய்விட்டது.
வாயைத் தைத்தேன்.
உதட்டோரத்து வெற்றிலைக் கறையைத் துடைக்கவில்லை,
மகன் அதைத் தேடுவான்.

வேலை முடிந்த இரவுகளில்
கைபேசியில் எகிப்து பார்ப்பேன்.
என் தொழில்காரர்கள்.
மூளையைக் கொக்கி போட்டு மூக்கால் இழுத்து எறிந்தவர்கள்
இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள்.
போகிற இடத்தில் அதைத் தராசில் வைப்பார்களாம்.
பிறகு நாற்பது நாள் உப்பு.
நிலாவெளி உப்பளத்தைத் தாண்டும்போதெல்லாம்
என் மனம் கணக்குப் போடும்:
இந்த மூலைப் பாத்தி ஒரு ஆளுக்குக் காணும்.
கடற்கரையில் பாரைக் கருவாடு புரட்டும் பெண்கள்
என்னைவிடத் தேர்ந்தவர்கள்.
ஈரத்தை எடு, அவ்வளவுதான் வித்தை.
திரும்பி வரும் உயிர்
தன் வீட்டை அடையாளம் காண வேண்டும் என்றே
அத்தனை துணி, அத்தனை பிசின்.
எனக்கும் அதே வேலை,
உயிருக்குப் பதில் விமானம்.

விடியப்புறம் கிழவருக்குத் திருநீறு குழைக்கையில்
பின்கதவில் ஒரு பெண்.
செண்பகவல்லி என்றாள்.
இடுப்பில் அணைத்தபடி ஒரு பால்மாப் பேணி.
"தம்பி, உடம்புக்கு மட்டும்தான் போடுவியளோ?
உடுப்புக்கும் ஏலுமோ?"

கோடு போட்ட சேர்ட். மகனுடையது.
கழற்றி எறிந்துவிட்டு
வேறொன்றைப் போட்டுக்கொண்டு போனவன்.
தோய்க்கவில்லை.
பூச்சியுருண்டை மணத்தைத் தின்னும் என்று போடவில்லை,
போடாததால் பூச்சி சேர்ட்டைத் தின்கிறது.
மூடியை உள்ளங்கையால் அழுத்தியிருந்தாள்.
எனக்கு மூக்குச் செத்துப் பதினைந்து வருசம் என்றேன்,
போர்மலின் பழக்கம்.
அதன் பிறகுதான்
நக அகலம் திறந்து காட்டினாள்.
கொலருக்குக் கீழே மூன்று ஓட்டை.

"வருசத்துக்கு ஒருக்காத்தான் திறக்கிறனான்.
ஒவ்வொருக்காவும் கொஞ்சம் வெளியில போயிடுது.
கன்னியாவில அந்தியேட்டி செய் எண்டு சொல்லினம்.
எதைக் கரைக்கச் சொல்லினம்?"

கையுறையைக் கழற்றினேன்.
"அம்மா, என்ர மருந்து முதலில கொல்லுறது
மணத்தைத்தான்."

அவள் அழவில்லை.
பேணியின் விளிம்புத் துருவை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சவப்பெட்டிக் கைபிடிகள் வந்த சீனப் பெட்டியின் அடியில்
வெள்ளைப் பொட்டலங்கள் கிடந்தன,
ஈரம் குடிக்கும் மணிகள்.
ஒவ்வொன்றிலும் சிவப்பில்: சாப்பிடக் கூடாது.
முப்பது இருக்கும், அள்ளிக் கொடுத்தேன்.
ஒன்றை முகர்ந்து பார்த்தாள்.
"மணமில்லை."
"இல்லை."
"எவ்வளவு?"
"குப்பைக்குப் போறதுதான்."
ஆறு மாதத்துக்கு ஒருக்கா மாற்றுங்கோ என்று சொல்லிவிட்டு
வாயை மூடினேன்.
மாற்றுவதென்றால் திறக்க வேண்டும்.
அவள் அதை எனக்கு முன்பே யோசித்திருந்தாள்,
பொட்டலங்களில் பாதியைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

கைபேசி அடித்தது. வின்னிபெக்கில் பனிப்புயல்,
இன்னும் இரண்டு நாள் பிந்துமாம்.
"அண்ணே, அதுவரைக்கும் தாங்குமோ?"
நான் கிழவரின் நகங்களைப் பார்த்தேன்.

"தாங்கும் எண்டு சொல்லுங்கோ"
என்றாள் செண்பகவல்லி,
பேணியை முந்தானையால் சுற்றியபடி.

போத்தலில் மிச்சம் எவ்வளவு என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.